செங்கல் வீட்டில் கண்ணாடி அறை: குனிந்து பார்க்காத இடங்கள்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் பழைய செங்கல் வீடு வாங்கிய நம்மவர்களுக்கு, கொஞ்சம் காசு சேர்ந்ததும் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை இறக்க ஆசை வரும். எந்தக் கண்ணாடி, எந்த ஃப்ரேம் என்று மாதக்கணக்கில் அலசுவார்கள். அது ஒட்டப்போகும் சுவரை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

குனிந்தால், தரையை ஒட்டி ஓட்டை போட்ட செங்கல் ஒன்றிரண்டு தெரியும். ஏர்பிரிக் என்பார்கள். வீட்டுக்குள் பலகைத் தரைக்கு அடியில் காற்று போவது அந்த வழியாகத்தான். புது அறைக்குக் கான்கிரீட் தளம் போடும்போது இதை அடைத்துவிடுவார்கள். சில வருடங்கள் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஹாலில் ஒரு ஓரம் மிதித்தால் அமுங்கும். பலகையைப் பெயர்த்தால் கீழே மரச்சட்டம் ஈரத்தில் மக்கி, கையோடு உதிர்ந்து வரும். தளத்துக்கு அடியில் குழாய் பதித்து வெளிச்சுவர் வரை கொண்டுபோயிருந்தால் இந்த வினை இல்லை.

அடுத்தது சிமெண்ட். இந்தச் சுவர்கள் பெரும்பாலும் 9 அங்குலக் கனத்தில், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சுவரில் ஏறும் ஈரம் அந்தச் சாந்து வழியாக வெளியேறும். கண்ணாடிக்குப் பக்கத்தில் எடுப்பாக இருக்கட்டும் என்று இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசினால், ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து, செங்கலின் முகம் தகடு தகடாக உரியும். சுண்ணாம்பே பூசுங்கள்.

லண்டன் களிமண் கோடையில் சுருங்கும், மழையில் ஊதும். பழைய வீட்டின் ஆழமில்லாத கடைக்கால் அதோடு அசையும், புது அறையின் ஆழமான கடைக்கால் அவ்வளவாக அசையாது. போதாததற்கு, 6 மீட்டர் அலுமினிய ஃப்ரேமில் சூடு 40 டிகிரி கூடினால் அது 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். பழைய சுவரும் புது அறையும் சேரும் இடத்தைச் சாந்து வைத்து இறுக்கினால் கீறல் விழுந்து ஒழுகத்தான் செய்யும். இடைவெளி விட்டு, இழுபடும் சீலன்ட் அடைத்து, மேலே சுவருக்குள் ஈயத் தகடு செருகுங்கள். வெறும் சிலிக்கானை நம்பாதீர்கள்.

தெற்குப் பார்த்த அறையா? 2022 ஜூலையில் இங்கிலாந்திலேயே 40 டிகிரி தாண்டியது. உள்ளே திரை போட்டாலும், அதற்கு முன்பே வெயில் கண்ணாடியைத் தாண்டி வீட்டுக்குள் வந்திருக்கும். நிழல் வெளியே வேண்டும், நம்ம ஊர்த் தாழ்வாரம் மாதிரி.

இன்னொன்று, நடுக்கதவு. 30 சதுர மீட்டருக்குக் குறைந்த கன்சர்வேட்டரிக்கு, அதாவது இந்த மாதிரிக் கண்ணாடி அறைக்கு, கட்டட விதிகளில் விலக்கு உண்டு. ஆனால் வீட்டுக்கும் அதற்கும் இடையில், வெளிவாசலுக்குப் போடுகிற மாதிரிக் கதவு இருக்க வேண்டும். விசாலமாக இருக்கட்டும் என்று அதைக் கழற்றினால் விலக்கு போச்சு. வீட்டை விற்கும்போது, வாங்குகிறவரின் வக்கீல் சான்றிதழ் எங்கே என்பார்.