தினசரி பேலன்சிங் கட்டணம்: அமெரிக்க எரிவாயு பில்லில் ஒரு நாளைக் கணக்கிடுவது எப்படி?

அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1992-இல் பிறப்பித்த 636-ஆம் எண் ஆணை, பைப்லைன் நிறுவனங்கள் எரிவாயுவை விற்பதையும் கொண்டுசெல்வதையும் தனித்தனிச் சேவைகளாகப் பிரித்தது. இன்று அங்குள்ள பல தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் எரிவாயுவைத் தனி வணிகரிடம் வாங்கிக்கொண்டு, உள்ளூர் விநியோக நிறுவனத்துக்குக் கொண்டுசேர்க்கும் கூலியை மட்டும் செலுத்துகின்றன. இவர்களே டிரான்ஸ்போர்ட்டேஷன் வாடிக்கையாளர்கள். ஒரு நாளில் இவர்களுக்காக வந்துசேர்ந்த எரிவாயுவுக்கும் இவர்கள் பயன்படுத்தியதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு விநியோக நிறுவனம் வசூலிப்பதே பேலன்சிங் கட்டணம்.

படி 1: ஒரு நாள் என்பதை வரையறுங்கள். எரிவாயு நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. அமெரிக்க மத்திய நேரப்படி காலை 9 மணி முதல் மறுநாள் காலை 9 மணி வரை நீள்கிறது.

படி 2: நாமினேஷனை, அதாவது அனுப்பும் அளவை முன்கூட்டியே அறிவிப்பதைப் பாருங்கள். எவ்வளவு எரிவாயு அனுப்பப்படும் என்பதை முந்தைய நாள் பிற்பகல் 1 மணிக்குள் பைப்லைனிடம் தெரிவிக்க வேண்டும். பின்னர் திருத்தவும் வாய்ப்புகள் உண்டு. எரிவாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர்களை இயக்க பைப்லைன் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிடித்தம் 2 சதவீதம் எனில், பைப்லைன் எரிவாயுவை விநியோக நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஊர் எல்லை நிலையத்தில் 500 டெக்காதெர்ம் வந்துசேர ஏறத்தாழ 510 அனுப்ப வேண்டும். ஒரு டெக்காதெர்ம் என்பது 10 லட்சம் பிடியு (பிரிட்டிஷ் வெப்ப அலகு) வெப்பம்.

படி 3: வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். வந்துசேர்ந்தது 500, மீட்டர் காட்டிய பயன்பாடு 590 என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 90 டெக்காதெர்மை விநியோக நிறுவனம் தன் சேமிப்பிலிருந்தோ குழாய்க்குள் அழுத்தத்தில் இருக்கும் இருப்பிலிருந்தோ கொடுத்திருக்கும். அந்தச் சேமிப்பு வசதியின் செலவைப் பெரும்பாலும் வீட்டு வாடிக்கையாளர்களே சுமக்கிறார்கள்; எனவே அதைப் பயன்படுத்துபவரிடம் அதற்குரிய பங்கை வசூலிப்பதே பேலன்சிங் கட்டணத்தின் நியாயம். அதை அபராதமாக நினைப்பது தவறு என்பேன்.

படி 4: கட்டணமின்றி அனுமதிக்கப்படும் வித்தியாசமான சலுகை வரம்பைக் கழியுங்கள். வரம்பின் அளவும், அது வரவின் (வந்துசேர்ந்த அளவின்) மீதா பயன்பாட்டின் மீதா என்பதும் நிறுவனத்தின் டாரிஃபை, அதாவது கட்டண விதித் தொகுப்பைப் பொறுத்தவை. வரவில் 10 சதவீதம் எனக் கொண்டால் 50 கழிந்து 40 மிஞ்சும். டெக்காதெர்முக்கு 25 சென்ட் வீதம் 10 டாலர். பலரும் அலட்சியம் செய்யும் தொகைதான்.

படி 5: கட்டுப்பாட்டு உத்தரவு இருந்ததா என்று பாருங்கள். உண்மையான அபராதம் இங்குதான் வருகிறது. கடுங்குளிரில் சேமிப்பை வீடுகளுக்காகக் காப்பாற்ற வேண்டியிருக்கும்போது, நிறுவனம் ஓ.எஃப்.ஓ. (ஆபரேஷனல் ஃப்ளோ ஆர்டர்) எனப்படும் உத்தரவை வெளியிட்டு வரம்பைச் சுருக்கும். அன்று வரம்பு 5 சதவீதம், அபராதம் டெக்காதெர்முக்கு 25 டாலர் எனில், அதே 90-இல் 25 கழிந்து மீதி 65-க்கு 1,625 டாலர் ஆகிவிடும். குளிர்கால உத்தரவில் பெரும்பாலும் குறைவாகக் கொண்டுவந்தவருக்கே அபராதம். கூடுதலாகக் கொண்டுவந்தவர் தப்பித்துக்கொள்வார். குழாய்கள் நிரம்பி வழியும் வெப்பமான நாள்களில் இது தலைகீழாகும்.

படி 6: குழுக் கணக்கைச் சரிபாருங்கள். வணிகர் பல வாடிக்கையாளர்களை ஒரே குழுவாக வைத்திருந்தால், ஒருவரின் 90 குறைவும் மற்றொருவரின் 70 மிகுதியும் ஈடாகி 20 மட்டுமே நிற்கும். அந்த ஆதாயம் உங்களுக்கு வருகிறதா, வணிகரிடமே தங்கிவிடுகிறதா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்திடும் முன் அந்தப் பிரிவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.