ஒரே மாதிரி தெரியற ரெண்டு காட்டுப்புல்ல எப்படி ஒப்பிடறது? (பழனிமலை ஆளுங்களுக்கு)

மன்னவனூர் புல்வெளில நின்னு பாத்தா எல்லாம் ஒரே புல்லுதான். அதனால கதிர் தள்ளுற சமயமா போங்க, கதிர் இல்லாம இனம் பிரிக்கறது வீண்வேலை. பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு போதும்.

எலுமிச்சைப்புல் வகைய எடுத்துக்கலாம், அதோட பேரினப் பேரு சிம்போபோகன். அதுல ஃப்ளெக்ஸுவோசஸ், மார்ட்டினின்னு ரெண்டு இனம். ஃப்ளெக்ஸுவோசஸ்ல இலையோட அடி குறுகிப்போகும், மார்ட்டினில அது இதய வடிவத்துல தண்ட கவ்வி நிக்கும். கசக்கி மோந்தா முன்னதுல சிட்ரால்ங்கற எண்ணெய்ச்சத்து, எலுமிச்சை வாசம், பின்னதுல ஜெரானியால், ரோஜா மாதிரி வாசம். ஆனா மார்ட்டினிலயே மோத்தியா, சோஃபியான்னு ரெண்டு இருக்கு, பாக்க ஒண்ணுதான், எண்ணெய் வேற வேற, அதனால மூக்க மட்டும் நம்பாதீங்க, கண்ண மட்டும் நம்பாதீங்க.

அடுத்தது உயரம். இதுலதான் நெறைய பேரு ஏமாறுறாங்க. காத்தடிக்கற மேட்டுல குட்டையா நிக்கறதும் ஓடையோரம் இடுப்பளவு வளந்ததும் ஒரே இனமா இருக்கலாம், அது மண்ணும் ஈரமும் செஞ்ச வேலை. அத பிரிச்சுப் பாக்கணும்னா ரெண்டு எடத்து தூருலயும் கொஞ்சம் பக்கக்கன்னு பிரிச்சு, ஒரே மண்ணு ஒரே தண்ணி ஒரே வெயில்ல தொட்டில நட்டு, நல்லா வேர் புடிச்சதும் வெட்டி விட்டு, புதுசா வர்ற தண்டோட உயரத்த அளந்து பாருங்க. அப்பவும் வித்தியாசம் நின்னுச்சுன்னா அது பெரும்பாலும் ஜீன் விஷயம். ஒரே தூர்ல பத்து தண்டு அளந்தா அது பத்து செடி இல்ல, ஒரே செடிதான், அதனால தள்ளித்தள்ளி இருக்கற தூருங்கள எடுங்க. ஊசிப்புல்லு ஹெட்டெரோபோகன் கன்டார்ட்டஸ் இன்னும் மோசம், கருவுறாமலே விதை கட்டும், விதைல மொளச்சதுகூட தாயோட நகலா இருக்கும்.

குரோமோசோம் எண்ணணும்னா வளர்ற வேர்நுனி வேணும். சிம்போபோகன் வகைக்கு அடிப்படை எண் (ஒரு செட்டுல இருக்கற குரோமோசோம்) 10, ஃப்ளெக்ஸுவோசஸ்ல பொதுவா 20. தெமெடா ட்ரையாண்ட்ராங்கற இன்னொரு புல்லுல ஒரே இனத்துக்குள்ளயே 20, 40ன்னு வரும், அதனால எண்ணிக்கை வேற ஆனவுடனே புது இனம்னு குதிச்சிடாதீங்க.

டிஎன்ஏவுக்கு இளம் இலைய சிலிக்கா ஜெல்லுல போட்டு சீக்கிரம் காய வைங்க. பசுங்கணிகத்தோட (இலைல பச்சையம் இருக்கற நுண்ணுறுப்பு) ஜீன்கள், ஆர்பிசிஎல், மாட்கே மாதிரி, பொதுவா தாய் வழி மட்டும்தான் சொல்லும், நெருங்கின புல்லுகள்ல ரெண்டுக்கும் ஒண்ணாவே வந்து நிக்கும். உட்கருவுல இருக்கற ஐடிஎஸ்ஸையும் (தாய், தகப்பன் ரெண்டு வழியும் வர்ற டிஎன்ஏ துண்டு) சேத்துப் பாருங்க, ரெண்டும் வேற கதை சொன்னா கலப்பா இருக்குமோன்னு சந்தேகப்படலாம்.

அளந்த செடிலயே ஒரு கதிர் இலையோட அமுக்கிக் காயவச்சு அதே நம்பர் போட்டு வைங்க, திருச்சி ராபினட் ஹெர்பேரியத்துல (காய்ஞ்ச செடி சாம்பிள் சேத்து வைக்கற எடம்) பழனிமலைப் புல் சாம்பிளோட வச்சுப் பாக்கலாம். ஆங், கொடைக்கானல் சரணாலயத்துக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம ஒரு தூர்கூட புடுங்காதீங்க.