மூட்டத்துக்குள் ஒரு மெட்டு: ஷூகேஸ், ட்ரீம் பாப் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணை, கசெற் இழுபடுற மாதிரிக் கிடக்கு."

கொக்குவிலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்து, தெரிந்த தம்பி ஒருவனுக்கு மை பிளடி வலன்டைன் என்ற ஷூகேஸ் குழுவின் 'லவ்லெஸ்' அல்பத்தை முதன்முதலாகப் போட்டுக் காட்டியபோது அவன் சொன்னது இது. அவன் காதில் ஒரு குறையும் இல்லை. அந்த இசையில் சுருதி உண்மையாகவே இழுபடுகிறது; வேண்டுமென்றுதான் இழுக்கிறார்கள். பிழை என்னுடையது. வாசலில் ஓட்டோ இரைந்துகொண்டு நிற்க, உள்ளே தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் கேட்க, போன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு "எப்பிடி இருக்கு?" என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அதற்குப் பிறகு பலருக்கு இந்த இசையைக் கொடுத்திருக்கிறேன். சிலர் ஒட்டிக்கொண்டார்கள், சிலர் இரண்டு பாட்டோடு விட்டுவிட்டார்கள். விட்டவர்கள் பெரும்பாலும் இசை பிடிக்காமல் விடவில்லை. கேட்கும் விதத்தில் சில தவறுகள் குறுக்கே நின்றன.

முதலில் பெயர். 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் சில இளைஞர்கள் கிற்றார் ஒலியை அடுக்கடுக்காகப் போட்டு, அதற்குள் மென்மையான குரல்களைக் கரைத்துப் பாடினார்கள். மேடையில் அசையாமல் குனிந்தபடி வாசித்ததால், பிரித்தானிய இசைப் பத்திரிகைகள் 'சப்பாத்தைப் பார்க்கிறவர்கள்' என்று நக்கலாகப் பெயர் வைத்தன. 'ஷூகேஸ்' என்ற சொல் அதிலிருந்து வந்தது. அவர்கள் பார்த்தது சப்பாத்தை அல்ல, காலடியில் கிடந்த பெடல்களை, அதாவது காலால் மிதித்துக் கிற்றாரின் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டிகளை. ஒரே பாட்டுக்குள் எந்தப் பெடலை எப்போது மிதிப்பது என்பதே பெரிய வேலை. ஆகவே இது கூச்சப்படுகிறவர்களின் இசை, அழுகிறவர்களின் இசை என்று பெயரை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். ரைட் குழுவின் 1990ஆம் ஆண்டு அல்பமான 'நோவேர்' ஐக் கேட்டால், அதில் எவ்வளவு வேகமும் துடிப்பும் இருக்கிறதென்று தெரியும்.

ட்ரீம் பாப் இதன் அக்கா. அந்தச் சொல்லை உருவாக்கியவர் லண்டனைச் சேர்ந்த ஏ.ஆர். கேன் என்ற இருவர் குழுவில் ஒருவரான அலெக்ஸ் அயூலி. ஆனால் அந்த ஒலிக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர்கள் ஸ்கொட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் இருந்து வந்த கொக்டோ ட்வின்ஸ். ஷூகேஸில் கிற்றார் சுவராக நிற்கும். ட்ரீம் பாப்பில் அது தண்ணீரில் விழுந்த வெளிச்சம் போல மினுங்கும், இடையில் காற்றுக்கு இடம் இருக்கும். இது எந்தப் பெட்டிக்குள் வரும் என்று வாதாடுவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்லோடைவ் என்ற குழு இரண்டு பெட்டிக்கும் பொருந்தும். லஷ் குழுவின் 1992ஆம் ஆண்டு அல்பமான 'ஸ்பூக்கி'யைத் தயாரித்தவரே கொக்டோ ட்வின்ஸின் கிற்றார்க்காரர் ரொபின் கத்ரிதான். எல்லாரும் ஒரே குடும்பம்.

சரி, போன் ஸ்பீக்கருக்கு வருவோம். எங்கள் சினிமாப் பாட்டில் குரல் முன்னால் நிற்கிறது, தபேலா ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம். சின்ன ஸ்பீக்கரிலும் குரல் தப்பிவிடும். ஷூகேஸில் எல்லாமே ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். போன் ஸ்பீக்கர் அடிச்சுருதியை (பேஸ்) தின்றுவிட்டு நடு இரைச்சலை மட்டும் துப்பும். குறைந்த தரத்தில் சுருக்கிய கோப்பும் இதே வேலையைத்தான் செய்யும். 128 கிலோபிட்டில் ஒற்றைக் குரல் ஓரளவு பிழைக்கும். அடர்த்தியான கிற்றாரும் சிம்பலும் நீண்ட எதிரொலியும் சேர்ந்தால் எதை விடுவது, எதை வைப்பது என்று சுருக்கும் மென்பொருளே திணறிவிடும். ஒலி தண்ணீருக்குள் குமிழி விடுவது போல ஆகிவிடும். விலை கூடிய சாமான் ஒன்றும் வேண்டாம். காதுக்குள் சரியாகப் பொருந்துகிற, வயர் உள்ள ஹெட்போன் ஒன்று போதும். இரவு பத்து மணிக்குப் பிறகு, வீதி அடங்கிய நேரத்தில், ஒரு அல்பத்தை முதலில் இருந்து கடைசி வரை கேளுங்கள். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்கிற இசை இது இல்லை.

இனி எல்லாவற்றிலும் பெரிய தவறு: சொல்லைத் தேடுவது.

நாங்கள் பாட்டுப்புத்தகம் வாங்கி வளர்ந்த ஆட்கள். ஒரு பாட்டைக் கேட்டவுடன் "என்ன சொல்லுறாங்கள்?" என்றுதான் கேட்போம். அந்தக் கேள்வியோடு கொக்டோ ட்வின்ஸுக்குள் போனால் கதவு திறக்காது. அந்தக் குழுவின் பாடகி எலிசபெத் ஃபிரேசர் தனக்குத் தெரியாத மொழிகளின் சொற்களைக்கூடப் புத்தகங்களில் இருந்து எடுத்து, அவற்றின் ஓசைக்காகவே பாடியவர். இணையத்தில் பாடல் வரிகள் என்று போட்டிருப்பதில் பாதி, கேட்டவர்களின் ஊகம். லவ்லெஸ்ஸில் பாடகி பிலிண்டா புட்ச்சரின் குரல் அரைத் தூக்கத்தில் பாடியது போல இருக்கிறதென்றால் அதற்கும் காரணம் உண்டு. இரவிரவாக வேலை நடந்து, விடியப்புறம் அவரைத் தூக்கத்தால் எழுப்பிப் பாட வைத்திருக்கிறார்கள். அங்கே குரலும் இன்னொரு வாத்தியம்.

இது எங்களுக்குப் புதிதா என்ன? நல்லூரில் சுவாமி வெளிவீதி வரும்போது நாதஸ்வரத்தின் முன் நிற்கும் ஒருவரும் "இதுக்கு வரி என்ன?" என்று கேட்பதில்லை. பின்னால் ஒத்து ஒரே சுருதியில் ஊதிக்கொண்டே இருக்கிறது. அது மெட்டு இல்லை, ஆனால் அது நின்றால் எல்லாமே மொட்டையாகிவிடும். ஷூகேஸில் அடியில் ஓயாமல் ஓடும் அந்தக் கிற்றார் இரைச்சலை ஒத்தாகக் கேட்டுப் பாருங்கள். அதை விலக்க முயலாமல் அதன்மேல் ஏறி நின்றால், மேலே போகும் மெட்டு தானாகத் தெரியவரும்.

மாசிப்பனி மூசிப் பெய்யும் என்பார்கள். அந்த மாதத்தில் காலை ஆறு மணிக்குப் பண்ணைப் பாலத்தில் நின்று மண்டைதீவுப் பக்கம் பார்த்திருக்கிறீர்களா? தீவு தெரியாது. வெள்ளையாய் ஒரு பரப்பு, அதில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் கருமை. உற்றுப் பார்த்தால் கண் நோகும். பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றால், கொஞ்ச நேரத்தில் பனையின் தலை ஒன்று, பிறகு ஒரு கரை, பிறகு ஒரு வள்ளம். ஸ்லோடைவ் பாட்டில் ரேச்சல் கொஸ்வெல்லின் குரல் எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது, நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ கேட்டபோது.

தம்பி சொன்ன 'இழுபடுறது' பற்றியும் சொல்ல வேண்டும். லவ்லெஸ் வெளிவந்தது 1991 நவம்பரில். அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் றேடியோவும் கசெற்றும் கேட்ட காலம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் பாட்டும் தளரும் என்று மாமா சொல்வார். குரல் தடித்துச் சுருதி இறங்கும், திரும்ப வேகமாகச் சுற்ற மேலே ஏறும். அவருக்கு ஒருநாள் லவ்லெஸ்ஸின் முதல் பாட்டை நல்ல ஹெட்போனில் போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வலது கை தன்பாட்டில் வட்டமாகச் சுற்றத் தொடங்கியது. "டைனமோ சுத்திறவன் களைச்சுப்போனான்" என்றார். முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் ஹெட்போனைக் கழற்றினார்.

மை பிளடி வலன்டைனின் கிற்றார்க்காரர் கெவின் ஷீல்ட்ஸ் செய்தது இதுதான்: கிற்றாரின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உள்ள ட்ரெமலோ கம்பியைக் கையிலேயே பிடித்தபடி தந்திகளை வருடுவார். ஒவ்வொரு வருடலிலும் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) முழுவதும் கொஞ்சம் கீழே போய் மேலே வரும், ஒரு இடத்திலும் நிலைத்து நிற்காது. பியானோவின் நேர்ச்சுருதியில் பழகிய காதுக்கு இது தலைசுற்றல். கமகத்தோடு வளர்ந்த எங்கள் காதுக்கு இது இன்னும் இலகுவாகப் பிடிபட வேண்டும். சுரம் நேர்கோட்டில் நிற்காது, வளைந்து வந்து சேரும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம்தானே. பிழை என்று நிறுத்திவிடாமல், அந்த வளைவைப் பின்தொடருங்கள்.

சத்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. இது உரக்கக் கேட்க வேண்டிய இசை என்று எல்லாரும் சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஹெட்போனில் முழுச் சத்தம் வைப்பது காதைக் கொல்லும் வேலை. 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபெல் ஆனால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். மை பிளடி வலன்டைன் தங்கள் கச்சேரிகளுக்கு வந்தவர்களுக்குக் காதடைப்பான் கொடுத்தவர்கள். காதுக்குள் 'கீ' என்று கேட்கத் தொடங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

லவ்லெஸ்ஸில் தொடங்குவதும் ஒரு தவறுதான், நான் எல்லாருக்கும் செய்த தவறு. இப்போது நான் கொடுக்கும் வரிசை வேறு. முதலில் மாஸி ஸ்டார் குழுவின் 1993 அல்பம்: கிற்றார் அமைதியாக இருக்கும், குரல் வெளியே தெரியும். பிறகு கொக்டோ ட்வின்ஸின் 'ஹெவன் ஓர் லாஸ் வேகஸ்', 1990இல் வந்தது. அவர்களின் அல்பங்களில் சொல்லும் மெட்டும் ஓரளவு தெளிவாகப் பிடிபடுவது இதில்தான். அடுத்தது ஸ்லோடைவின் 'சுவ்லாக்கி'. என்னைக் கேட்டால் இந்த இசையில் ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கலாம் என்றால் அதைத்தான் வைத்திருப்பேன். அதன் இரண்டு பாட்டுகளில் இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவின் கையும் உண்டு. இவ்வளவும் கேட்ட பிறகு லவ்லெஸ்.

பழையதுதான் தங்கம் என்று நிற்பவர்களும் உண்டு, புதியதை மட்டும் கேட்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் இழப்பு. சுவ்லாக்கி 1993இல் வந்தபோது பிரித்தானியப் பத்திரிகைகள் அதை மிதித்தன. 1995இல் 'பிக்மேலியன்' வெளிவந்த கையோடு இசைத்தட்டுக் கம்பனியும் ஸ்லோடைவ் குழுவைக் கைவிட்டது. கிட்டத்தட்ட இருபது வருட மௌனத்துக்குப் பிறகு 2014இல் திரும்பி வந்தார்கள். 2017இலும் 2023இலும் வந்த அல்பங்கள் பழைய பெயரை விற்றுப் பிழைத்தவை அல்ல, அந்த வயதின் பாரத்தோடு பாடியவை. பீச் ஹவுஸ் குழுவின் 2010 அல்பமான 'டீன் ட்ரீம்' ஐக் கேளுங்கள். தென்கொரியாவில் பரானூல் என்ற பெயரில், முகம் காட்டாத ஒருவர் தனியாக இருந்து செய்து 2021இல் வெளியிட்ட அல்பத்தைக் கேளுங்கள். ஒலி கரடுமுரடு, மனது பச்சை. ஒரு அறையும் கணினியும் இருந்தால் போதும் என்று எங்கள் பெடியளுக்குக் காட்டியது அது.

ஏதாவது ஒரு பாட்டை வேகம் குறைத்து, எதிரொலி கூட்டிப் போடுகிற காணொளிகள் நிறைய வருகின்றன. கேட்க இதமாக இருக்கும், ஆனால் அது ஷூகேஸ் இல்லை. இங்கே மூட்டம் பாட்டின்மேல் பூசிய பூச்சு அல்ல, பாட்டோடு சேர்ந்தே நெய்தது.

கடைசியாக, கிற்றார் வைத்திருப்பவர்களுக்கு. அந்தத் தம்பி இப்போது வாசிக்கிறான், அதனால் இது எனக்கு நேரே தெரியும்.

பெடல்களை வாங்கிக் குவிக்காதீர்கள். லவ்லெஸ்ஸில் நூற்றுக்கணக்கான கிற்றார் அடுக்கு இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். நினைப்பதைவிட மிகக் குறைவு என்று ஷீல்ட்ஸே சொல்லியிருக்கிறார். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் ஒன்று, எதிரொலி சேர்க்கும் ரிவேர்ப் ஒன்று போதும். வழக்கமாக டிஸ்டோர்ஷன் முன்னால், ரிவேர்ப் பின்னால். அதை மாற்றி வைத்துப் பாருங்கள்: எதிரொலியின் வாலும் சேர்ந்து நசிந்து சுவராக எழும்பும். பேஸைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சேறாகிவிடும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ் உள்ள அடப்டர் வேண்டும். நான் எதையோ செருகி ஒரு பெடலை எரித்திருக்கிறேன். யப்பானில் இருந்து வரும் பழைய சாமான் 100 வோல்டுக்கு உரியது, எங்கள் 230 வோல்டில் நேரே செருகக் கூடாது. கடற்காற்று தந்தியைத் தின்னும், வாசித்து முடிந்தால் துணியால் துடைத்து வையுங்கள்.

ரிவேர்ப் பெடல் வாங்கக் காசில்லையே என்று தம்பி ஒருநாள் கவலைப்பட்டான். "வீட்டுக்குப் பின்னால என்ன கிடக்கு?" என்று கேட்டேன். ஆவணியில் தண்ணீர் அடியில் கிடந்தபோது கிணற்றுக்கட்டில் போனை வைத்து, உள்ளே குனிந்து மெதுவாகப் பாடிப் பதிவு செய்தான். குரல் கீழே போய், கல்லில் பட்டு, தன்னிலும் பெரிதாகத் திரும்பி வந்தது. சொல் ஒன்றும் விளங்கவில்லை, மெட்டு அப்படியே இருந்தது. மார்கழியில் அதே இடத்தில் திரும்பப் பாடிப் பார்த்தான். மாரித் தண்ணீர் மேலே வந்துவிட்டதால் எதிரொலி அரைவாசியாகக் குறைந்திருந்தது. இரண்டு பதிவையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறான்.