வெளிச்சுவரில் சிசிடிவி கேமரா: ஜங்ஷன் பாக்ஸ் வைத்து மாட்டுவது எப்படி?

வெளியே மாட்டிய கேமரா ஒரு மழைக்காலம் முடிந்ததும் அடிக்கடி துண்டித்துக்கொள்கிறதா? படத்தில் கோடு கோடாக வருகிறதா? பெரும்பாலும் கோளாறு கேமராவுக்குள் இருக்காது. அதன் பின்னால் வால் போலத் தொங்கும் வயரின் முனையில், கேபிளைச் சொருகும் இடத்தில்தான் இருக்கும்.

கேமராப் பெட்டியின் மேல் ஐபி66, ஐபி67 என்று போட்டிருப்பார்கள். முதல் 6, தூசி உள்ளே போகாது என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண் தண்ணீருக்கானது: 6 என்றால் வேகமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். ஆனால் இந்த உறுதியெல்லாம் கேமராவின் உடம்புக்கு மட்டும்தான். கேபிள் வந்து சேரும் இணைப்புக்குக் கிடையாது. அதில் ஈரம் பட்டால் பித்தளை, செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். படம் போகும் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஇ முறையில் 48 வோல்ட் அளவு மின்சாரம் ஓயாமல் ஓடுவதால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி விட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். வெயிலில் பசை இளகி டேப் பிரியும், பிரிந்த மடிப்புக்குள் தண்ணீர் தங்கும். அது டேப் இல்லாததைவிட மோசம்.

சுவரில் பொருத்தி, மூடியின் மேல் கேமராவை மாட்டும் சிறு பெட்டியான ஜங்ஷன் பாக்ஸ் இதற்காகத்தான். இணைப்பு முழுவதும் அதற்குள் உலர்வாக இருக்கும், கேமராவுக்கும் சமமான, உறுதியான தளம் கிடைக்கும். பின்னாளில் கேமராவை மாற்ற வேண்டி வந்தால் சுவரைத் தொடாமலே மாற்றலாம்.

பாக்ஸ் வாங்கும்போது

முதலில் கேமராவின் அடித்தட்டில் உள்ள ஸ்க்ரூ ஓட்டைகளைப் பாருங்கள். சிலவற்றில் மூன்று, சிலவற்றில் நான்கு. கேமராவோடு வரும் ஒட்டுத்தாளில் அந்த ஓட்டைகளின் இடைவெளி அச்சிட்டிருக்கும். பாக்ஸ் மூடியின் மேல் அந்தத் தாளை வைத்துப் பார்த்து, பொருந்தினால் வாங்குங்கள். அதே நிறுவனம் அந்த மாடலுக்கென்றே விற்கும் பாக்ஸ் கிடைத்தால், விலை கொஞ்சம் கூடினாலும் அதையே வாங்கச் சொல்வேன். மூடியும் கேமராவும் இடைவெளியில்லாமல் உட்காரும். பொதுவான பாக்ஸில் புதிதாக ஓட்டை போட நேர்ந்தால், அந்த ஓட்டையே தண்ணீருக்கு வழியாகிவிடும்.

அடுத்தது ஆழம். கேமராவின் வால், அதன் இணைப்பு, கேபிளின் வளைவு மூன்றும் நசுங்காமல் உள்ளே அடங்க வேண்டும். மூடியைச் சுற்றி ரப்பர் வாஷர் இருக்கிறதா, கேபிள் நுழையும் இடத்துக்கு, அதை இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்ட் கொடுத்திருக்கிறார்களா, பயன்படுத்தாத துளைகளை அடைக்க மூடி இருக்கிறதா என்பதையும் கடையிலேயே பாருங்கள்.

மற்றபடி தேவைப்படுபவை: ஹேமர் வசதியுள்ள ட்ரில்லிங் மெஷின், சுவருக்கான 6 மி.மீ. பிட், கேபிள் துளைக்கு நீளமான பிட், ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் அடிக்கும் ராவல் பிளக், துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ, ரசமட்டம், கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே45 கனெக்டர், அதை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர், சிலிக்கான் சீலன்ட், கண்ணில் தூள் விழாமல் தடுக்கும் கண்ணாடி, ஏணி. சீலன்ட்டில் வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிருங்கள். அது காயும்போது வெளிவிடும் அமிலம் உலோகத்தை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

முதலில் மேசையில் ஓட்டிப் பாருங்கள்

பிஓஇ ஸ்விட்ச் அல்லது படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான என்விஆரோடு கேமராவை இணைத்து, படம் வருகிறதா, விளக்கை அணைத்தால் இரவுப் பார்வை வேலை செய்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டையும் இப்போதே மாற்றிவிடுங்கள். ஏணியில் நின்றுகொண்டு இதையெல்லாம் செய்ய முடியாது.

இடம் குறிப்பது

தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரம் நல்லது. அதற்கும் மேலே போனால் முகம் தெரியாது, தலைதான் தெரியும். கீழே இறங்கினால் யாரும் கையை நீட்டித் திருப்பிவிடலாம். காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக லென்ஸில் விழும் திசையை முடிந்தவரை தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் சன்ஷேடுக்குக் கீழே வையுங்கள், ஆனால் அதை ஒட்டி வேண்டாம். இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் ஒளி பக்கத்துச் சுவரிலோ சன்ஷேடின் அடியிலோ பட்டுத் திரும்பினால் படம் முழுக்க வெண்புகை படர்ந்தது போல ஆகிவிடும்.

கேமரா பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது. கோணத்தை மாற்றியும் விழுகிறது என்றால், செட்டிங்கில் அந்தப் பகுதியை மறைக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள்.

ஓட்டை போடுவதற்கு முன்பு, சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடும். குழாய்க்கு நேர் மேலும் கீழும் தண்ணீர்க் குழாய் போயிருக்கும். அந்தக் கோடுகளை விட்டு விலகுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கத்து மெயினை அணைத்துவிட்டு வேறு இணைப்பிலிருந்து மெஷினை ஓட்டுங்கள்.

ஏணி விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏணி சாயும் இடம் நான்கு அடி உயரம் என்றால் அதன் கால் சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பக்கத்தில் மின்கம்பி போனால் அலுமினிய ஏணி கூடவே கூடாது.

துளை போடுவது

பாக்ஸின் அடித்தட்டைச் சுவரில் வைத்து, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு, பென்சிலால் ஸ்க்ரூ ஓட்டைகளையும் கேபிள் துளையையும் குறியுங்கள். பாக்ஸின் வடிகால் துளை தரையைப் பார்த்து இருக்கிறதா என்று இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் துளைதான் முக்கியம். அது நேராக இருக்கக் கூடாது. வெளிப்பக்கம் தாழ்ந்தும் உள்பக்கம் உயர்ந்தும், லேசான சரிவாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து துளைக்கும்போது பிட்டின் முனை மேல்நோக்கி இருந்தால் இந்தச் சரிவு தானாக வந்துவிடும். அப்படிச் செய்தால் சுவரில் வழியும் மழைநீர் துளைக்குள் நுழைந்தாலும் திரும்ப வெளியேதான் வரும். சரிவு தலைகீழானால் அதே தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து, சுவரின் உள்பூச்சை ஊற வைக்கும்.

முதலில் மெல்லிய பிட்டால் ஊடுருவத் துளைத்துவிட்டு, பிறகு பெரிய பிட்டை இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதியாகச் செலுத்துங்கள். ஒரே பக்கமிருந்து முழுதாகத் தள்ளினால் மறுபக்கத்துப் பூச்சு பெயர்ந்து விழும். கேட் 6 எனும் நெட்வொர்க் கேபிளின் தடிமன் ஏறத்தாழ 6 மி.மீ., ஆர்ஜே45 கனெக்டரின் அகலம் கிட்டத்தட்ட 12 மி.மீ. கனெக்டர் இல்லாமல் வெறும் கேபிளை இழுத்துவிட்டு, பிறகு முனை அடித்துக்கொண்டால் 8 அல்லது 10 மி.மீ. துளையே போதும். துளை சிறியதாக இருந்தால் அடைப்பதும் எளிது.

ஸ்க்ரூ ஓட்டைகளில் தொடக்கக்காரர்கள் கவனிக்காத ஒன்று, பூச்சின் தடிமன். வெளிச்சுவர்ப் பூச்சு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்கும். 25 மி.மீ. ராவல் பிளக்கை அடித்தால் அது பெரும்பாலும் பூச்சிலேயே நிற்கும், செங்கலைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். மாட்டிய அன்று கல் மாதிரி தெரியும். காற்றும் வெயிலும் வேலை செய்யச் செய்யப் பூச்சோடு சேர்த்துப் பெயர்ந்து வரும். எனவே 50 மி.மீ. நீள ஸ்க்ரூவும் அதற்கேற்ற பிளக்கும் எடுங்கள். பிட்டின் மேல் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிட் பூச்சைத் தாண்டிச் செங்கலில் இறங்கும்போது தூளின் நிறம் சாம்பலிலிருந்து சிவப்புக்கு மாறும், கையிலும் அது தெரியும். இரண்டு செங்கலுக்கு நடுவிலுள்ள கலவைப் பட்டையில் பிட் விழுந்து பொலபொலவென்று உதிர்ந்தால் இடத்தை இரண்டு விரல் தள்ளி வையுங்கள். ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரணப் பிளக் உள்ளேயே சுழலும், உள்ளே போய் விரியும் வகைப் பிளக் வேண்டும்.

துளைக்குள் இருக்கும் தூளை ஊதியோ பிரஷ்ஷாலோ எடுத்துவிட்டுப் பிளக்கை அடியுங்கள். தூள் இருந்தால் பிடிப்பு பாதியாகிவிடும்.

கேபிள் இழுப்பது

செம்புக் கம்பி கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் விலை மலிவு. ஆனால் அதன் மின்தடை கூடுதல், முனையில் சீக்கிரம் முறியும், பிஓஇ-க்கு உகந்ததல்ல. ஸ்விட்சிலிருந்து கேமரா வரை மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வெளியில் ஓடும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிளோ, பிவிசி பைப்போ வேண்டும்.

12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பழைய முறைக் கேமரா என்றால் வயரின் தடிமனையும் பாருங்கள். 0.5 சதுர மி.மீ. செம்பு வயரை 30 மீட்டர் இழுத்தால், போக வர 60 மீட்டருக்கு ஏறத்தாழ 2 ஓம் தடை. ஒரு ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும், கேமராவுக்கு 10 வோல்ட்தான் சேரும். பகலில் தாக்குப்பிடிக்கும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிந்து மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும்போது கேமரா அணைந்து அணைந்து எரியும். இரவில் மட்டும் துண்டிக்கும் கேமராவில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கேபிள் சுவருக்குப் பின்னாலிருந்து நேராகப் பாக்ஸுக்குள் வருவதே சிறந்தது. வெளிப்புறமாகத்தான் கொண்டுவர முடியும் என்றால், பாக்ஸின் அடிப்பக்கத் துளை வழியாக நுழையுங்கள். அதற்கு முன் கேபிளைப் பாக்ஸுக்குக் கீழே தொங்கவிட்டு, மறுபடி மேலேற்றி நுழைக்க வேண்டும். கேபிள் வழியே இறங்கும் மழைநீர் அந்தத் தாழ்ந்த வளைவில் சொட்டிவிடும், பாக்ஸுக்கு ஏறாது.

பாக்ஸைப் பொருத்தி அடைப்பது

கேபிளைப் பாக்ஸின் பின்துளையில் கோத்துவிட்டு, சுவர்த் துளையின் வாயில் கேபிளைச் சுற்றிச் சிலிக்கான் வையுங்கள். பிறகு பாக்ஸை நான்கு ஸ்க்ரூவாலும் பிடியுங்கள். ஒரு ஸ்க்ரூவை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் பாக்ஸுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள ரப்பர் சமமாக அழுந்தும். மெஷினை ஓரம் வைத்துவிட்டுக் கையால் முடுக்குங்கள், பிளாஸ்டிக் பாக்ஸ் விரிசல் விடாது.

வெளிப்பூச்சு சொரசொரப்பாக இருக்கும், ரப்பர் எவ்வளவு அழுந்தினாலும் இடைவெளி இருக்கும். அதனால் பாக்ஸின் விளிம்பில் மேற்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் சிலிக்கான் இழுத்து, ஈர விரலால் நீவி விடுங்கள். அடிப்பக்கத்தை அடைக்காதீர்கள். எல்லாப் பக்கமும் இறுக அடைப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் பகலில் சூடாகி இரவில் குளிரும் பாக்ஸுக்குள் காற்றிலுள்ள ஈரமே துளியாகப் படியும். அது வெளியேற ஒரு வழி வேண்டும்.

இணைப்பு கொடுப்பது

கனெக்டர் அடிப்பதற்கு முன்பு, கேமராவோடு வந்த நீர்த்தடுப்பு மூடியின் பாகங்களையும், கிளாண்ட் பயன்படுத்தினால் அதன் நட்டையும் கேபிளில் கோத்துவிடுங்கள். அடித்த பிறகு அவை நுழையாது, அடித்த முனையை வெட்டிப் போட வேண்டியதுதான்.

கேபிளின் உறையை உரித்து எட்டு இழைகளையும் இடமிருந்து வலமாக இப்படி அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கனெக்டரின் கொக்கி உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்க வேண்டும். இழைகள் நுனிவரை போய் முட்டியிருக்கிறதா, கேபிளின் வெளியுறையும் கனெக்டருக்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். மறுமுனையும் இதே வரிசைதான். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும்.

பாக்ஸுக்குள் ஒரு சாண் கேபிளை மட்டும் வளைத்து வையுங்கள். மீதியை வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். பாக்ஸுக்குள்தானே இருக்கிறது என்று நீர்த்தடுப்பு மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதையும் மாட்டுங்கள். இணைப்பு பாக்ஸின் அடியில் கிடக்காமல் மேல்பாதியில் இருக்கட்டும். தண்ணீர் நுழைந்தால் அது முதலில் தேங்கும் இடம் அடிப்பகுதி. கேமராவை மின்சார அடாப்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால், அடாப்டரை இந்தப் பாக்ஸுக்குள் வைக்கக் கூடாது. அது வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

கேமராவை மாட்டிக் கோணம் வைப்பது

மூடியின் ரப்பர் மடங்காமல் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். மடங்கிய ஒரு இடம் போதும், தண்ணீருக்கு. மூடிக்கும் ரப்பருக்கும் நடுவில் கேபிள் சிக்காமல் பார்த்து முடுக்குங்கள்.

கோணத்தை மொபைலில் படத்தைப் பார்த்தபடியே வையுங்கள். வானம் குறைவாகவும், ஆள் நடந்து வரும் வழி படத்தின் நடுவிலும் இருக்கட்டும். டோம் வகைக் கேமராவின் கண்ணாடியைக் கையால் தொட வேண்டாம். பகலில் தெரியாத விரல்ரேகை இரவில் இன்ஃப்ராரெட் ஒளியில் பெரிய வெண்மேகமாகத் தெரியும். பாதுகாப்புப் பிலிமைக் கடைசியில் உரித்தால் போதும். இருட்டிய பிறகு ஒரு முறை படத்தைப் பார்த்து, ஒளி எங்காவது பட்டுத் திரும்பினால் கோணத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

சிலிக்கான் ஒரு நாள் காயட்டும். அடுத்த நாள் பூவாளியால் பாக்ஸின் மேல் ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றி, துடைத்துவிட்டு, மூடியைத் திறந்து உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். முதல் பெருமழைக்குப் பிறகும் இதைச் செய்யுங்கள். மேல் மூலைகளில் ஈரம் இருந்தால் சிலிக்கான் விட்டுப்போன இடத்தைத் தேடுங்கள். பின்துளையைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் சுவர்த் துளையின் வாய் சரியாக அடைபடவில்லை. மூடியின் ஓரத்தில் மட்டும் என்றால் ரப்பர் மடங்கியிருக்கிறது, கழற்றி மறுபடி உட்கார வையுங்கள்.