ஒரு கம்பெனி மீட்டருக்குப் பதில் இன்னொன்று: புரோகிராமைக் கலைக்காமல் மாற்றும் முறை

தஞ்சாவூர், மன்னார்குடி பக்கத்து அரிசி ஆலைகளில் சம்பா நெல் குவியும் தை, மாசியில் பேனலில் உள்ள எனர்ஜி மீட்டர் பழுதானால், அதே கம்பெனி மீட்டருக்காகக் காத்திருக்க நேரமிருக்காது. கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டினால் பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களைப் புரோகிராம்படி இயக்கும் சிறு கணினி) அதைப் படிக்காது. இத்தனைக்கும் இரண்டு மீட்டரிலும் மோட்பஸ் (கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பேசும் முறை) என்றுதான் போட்டிருக்கும். மோடிகான் நிறுவனம் 1979இல் வெளியிட்ட மோட்பஸ், கேள்வியும் பதிலும் எப்படிப் போய்வர வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. வோல்டேஜை எந்த ரெஜிஸ்டரில் (மீட்டருக்குள் மதிப்பு இருக்கும் எண்ணிட்ட இடம்) வைப்பது என்பது அந்தந்த கம்பெனியின் முடிவு.

படி 1: மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் மீட்டரைக் கழற்ற வேண்டும். லோடு ஓடும்போது சி.டி. (கரண்டை அளக்க உதவும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்) வயரைத் திறந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தான வோல்டேஜ் வரும். இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

படி 2: பழைய மீட்டரின் ஸ்லேவ் எண் (லைனில் மீட்டரின் அடையாள எண்), பாட் ரேட் (தகவல் போகும் வேகம்), பாரிட்டி (பிழை சோதிக்கும் அமைப்பு) மூன்றையும் புதியதில் அப்படியே வையுங்கள். பதிலே வரவில்லையா? தகவல் போகும் ஏ, பி வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். சில கம்பெனிகள் இந்தக் குறிகளைத் தலைகீழாகப் போடுகின்றன.

படி 3: பி.எல்.சி.யில் இணைக்கும் முன் லேப்டாப்பில் படித்துப் பாருங்கள். பொறுமை வேண்டிய இடம் இதுதான். கையேட்டில் 40001 என்று இருப்பது, கம்பியில் போகும்போது முகவரி 0. அதனால் மதிப்பு பொருந்தாவிட்டால் ஓர் எண் முன்னே பின்னே படியுங்கள். அப்புறம், தசம எண்கள் இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரிந்து வரும். 230 வோல்ட் என்பது ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 4366, 0000. சில மீட்டர்கள் 0000ஐ முதலில் அனுப்பும்; வரிசையை மாற்றாமல் படித்தால் திரையில் பூஜ்யம்தான் தெரியும்.

படி 4: புரோகிராமில் ஒவ்வொரு கம்பெனி மீட்டருக்கும் தனி பிளாக் (புரோகிராமின் தனித் துண்டு) எழுதுங்கள். உள்ளே என்ன ரெஜிஸ்டர் இருந்தாலும், வெளியே வோல்ட், ஆம்பியர், கிலோவாட், யூனிட் என்று ஒரே பெயரில், ஒரே அளவில் வர வேண்டும். திரையும் ரிப்போர்ட்டும் இந்தப் பெயர்களை மட்டுமே படிக்கட்டும். ரெஜிஸ்டர் எண்ணைப் புரோகிராம் முழுக்கத் தூவி வைப்பதுதான் மீட்டர் மாற்றுவதை இவ்வளவு சிரமமாக்குகிறது என்பது என் உறுதியான கருத்து. அறுவடைக்கு முன்பே இரண்டு கம்பெனி மீட்டர்களுக்கும் பிளாக் எழுதிச் சோதித்து வைத்துவிடுங்கள்.

படி 5: புது மீட்டரின் யூனிட் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும். பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கை அந்த பிளாக்கிலேயே கூட்டிவிடுங்கள். இல்லையென்றால் அன்றைய ரிப்போர்ட்டில் மின்செலவு மைனஸில் வரும்.