வென்ட் பைப்பின் வாட்டம் எந்தப் பக்கம்? ஃபர்னஸ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவில் வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸை மாற்றுகிற நம்மவர்கள் கேட்பது மூன்றே மூன்று: எந்த மேக், எவ்வளவு காசு, வாரன்டி எத்தனை வருடம். ஃபர்னஸ் பெட்டியிலிருந்து கிளம்பிச் சுவரைத் துளைத்துப் புகையை வெளியே விடும் அந்த பிளாஸ்டிக் வென்ட் பைப்பைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. பொருத்த வருகிறவரும் அதைக் கடைசியில்தான் போடுவார். அதற்குள் அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் வீட்டுக்காரர் அவருக்கு இரண்டு தடவை போன் அடித்திருப்பார். ஜனவரியில் நடுச்சாமத்தில் வீடு குளிர்ந்துபோய் என்னை அழைக்கிறவர்களின் வீட்டில், பல நேரம் பெட்டியில் ஒரு குறையும் இருக்காது. பைப்பில்தான் இருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் வாளும் பசையும் வாங்கப் போகவேண்டாம். ஒன்ராறியோவில் காஸ் வேலை என்றால் காஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பில் பதிவுசெய்த கம்பனிதான் செய்யவேண்டும். வருகிற ஆளிடம் காஸ் டெக்னீஷியனுக்கான ஜி1 அல்லது ஜி2 சான்றிதழ் இருக்கவேண்டும். நான் எழுதுவது, அவர் வேலை முடித்துக் கையெழுத்துக் கேட்கும்போது நீங்கள் எதைப் பார்க்கவேண்டும் என்பதற்காக.

பழைய ஃபர்னஸ்களின் புகை கடும் சூடு. தகரக் குழாய் வழியாகப் புகைபோக்கிக்குள் தானாக ஏறிப் போய்விடும். இப்போதையவை அப்படியில்லை. 2019 ஜூலைக்குப் பிறகு கனடாவுக்காகச் செய்யப்படும் வீட்டு காஸ் ஃபர்னஸ்கள் குறைந்தது 95 விழுக்காடு திறன் உள்ளவையாக இருக்கவேண்டும் என்பது விதி. அந்த அளவுக்குச் சூட்டைப் பிழிந்தெடுத்தால் புகையிலிருக்கும் நீராவியும் தண்ணீராகிவிடும். ஆகவே அந்த பைப்புக்குள் ஓடுவது புகை மட்டுமல்ல, தண்ணீரும்தான். அதுவும் புளித்த தண்ணீர், அமிலத்தன்மை உள்ளது. குளிர் நாட்களில் ஒரு நாளைக்குப் பல லிட்டர் சேரும். இதை மறந்துவிட்டு வெறும் புகைக்குழாய் போல் போடுவதிலிருந்துதான் பாதித் தவறு தொடங்குகிறது.

அதில் முதலாவது வாட்டம், அதாவது பைப்பின் சரிவு. புகை வெளியேறும் பைப் பெட்டியை நோக்கித்தான் சரிந்து வரவேண்டும், வெளிச்சுவரை நோக்கியல்ல. ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்பது வழக்கமான கணக்கு. பத்தடி ஓடினால் இரண்டரை அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். வெளிப்பக்கம் சரிந்தால் தண்ணீர் வாயில் சொட்டி உறைந்து, பனிக்கட்டியாக வளர்ந்து வழியை அடைத்துவிடும். சரி, வாட்டம் கொடுத்தாயிற்று, ஆனால் நடுவில் பைப் தொய்ந்துவிட்டது என்றால்? அது இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்காபரோவில் ஒரு வீடு. வாடகைக்கு விடுவதற்காக பேஸ்மென்டில் கூரை அடித்தவர், பைப்பைப் பிடித்திருந்த, தனக்கு இடைஞ்சலாக இருந்த இரண்டு தாங்கு வளையத்தைக் கழற்றிவிட்டு, பிறகு மாட்ட மறந்துவிட்டார். ஃபர்னஸ் தொடங்கும், பைப்புக்குள் குளுக் குளுக்கென்று சத்தம் கேட்கும், இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். அதற்கு முன் வந்த ஒருவர் புகையின் வழி அடைபட்டால் ஃபர்னஸை நிறுத்தும் பிரஷர் சுவிட்சையே புதிதாக மாற்றிக் காசும் வாங்கிப் போயிருந்தார். நான் கூரைப் பலகையைத் தூக்கி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டது. தொய்ந்த இடத்தில் பைப்பை அறுத்ததும் ஒரு செம்பு தண்ணீர் என் கைச்சட்டைக்குள்ளே போனது. அந்தத் தண்ணீர் புகையின் வழியை மறித்தது, பாவம் சுவிட்ச் தன் வேலையைத்தான் செய்தது. பைப்பை மூன்று நான்கு அடிக்கு ஒரு தாங்கு என்று பிடித்திருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். சரியான இடைவெளி அந்தந்த மேக்கின் கையேட்டில் இருக்கும்.

அடுத்தது பைப்பின் வகை. யூடியூபில் அமெரிக்கக்காரர் கடையில் கிடைக்கும் சாதாரண பிளம்பிங் பைப்பைப் போடுவதைப் பார்த்துவிட்டு, ‘அதுவே போதும், ஏன் இவ்வளவு விலை’ என்று கேட்கிறவர்கள் உண்டு. இங்கே சட்டம் வேறு. கனடாவில் காஸ் வென்டுக்குப் போடும் பிளாஸ்டிக் பைப்பில் எஸ்636 என்ற தரக்குறி அச்சிட்டிருக்க வேண்டும். நிறத்தை வைத்துத் தீர்மானிக்காமல் எழுத்தைப் படியுங்கள். இதில் பிவிசி 65 பாகை செல்சியஸ் வரைக்கும், சிபிவிசி 90 வரைக்கும் தாங்கும். இன்னொன்றை நிறையப் பேர் கவனிப்பதில்லை: பைப், எல்போ (வளைவுத் துண்டு), ப்ரைமர் (பசைக்கு முன் பூசுவது), பசை நான்கும் ஒரே கம்பனியின் ஒரே வரிசையில் இருக்கவேண்டும். ஒன்றின் பைப்பையும் மற்றதன் பசையையும் சேர்த்தால் அந்தச் சான்றிதழுக்கே அர்த்தமில்லை. வண்டியில் மிச்சமிருந்த டப்பாவை எடுத்து ஒட்டுகிறவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அறுத்த முனையில் பிசிறு நீக்காமல் ஒட்டுவதும் சாதாரணமாக நடக்கிறது. பிசிறு பசையை வழித்துத் தள்ளிவிடும். மூட்டு வெளியே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே ஒரு கோடு காய்ந்து கிடக்கும். சில மாதத்தில் அந்த இடத்திலிருந்து மஞ்சள் கறை வடியத் தொடங்கும். அது தண்ணீர் ஒழுகுவது மட்டுமில்லை, புகையும் அங்கே வீட்டுக்குள் வரலாம்.

நீளக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு எல்போவும் காற்றோட்டத்தைத் தடுப்பதால், அதைப் பல அடி நேர் பைப்புக்குச் சமமாகக் கையேடு கணக்கிடும். சுவர் பதினைந்தடி தூரம்தானே என்று இரண்டங்குல பைப்பை எடுத்து ஆறு எல்போ போட்டு வளைத்தால், பெட்டிக்கு அது மிக நீளமான பைப். அப்படிப்பட்ட இடத்தில் மூன்றங்குலம் தேவைப்படும்.

வெளியே போய்ப் பார்ப்போம். பைப்பின் வாய் நிலத்திலிருந்து குறைந்தது ஓரடி உயரத்தில் இருக்கவேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அந்த ஓரடி பனி குவியும் உயரத்துக்கு மேலே என்பதுதான் விடுபட்டுப்போகும். டிரைவ்வேயில் அள்ளும் பனியை எங்கே வீசுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். திறக்கும் யன்னலிலிருந்து தூரம், ஒரு லட்சம் பிடியூ (சூட்டுத் திறனின் அளவு) வரையான ஃபர்னஸுக்கு 30 சென்டிமீட்டர், அதற்கு மேலே போனால் 91. வீட்டுக்குள் காற்று இழுக்கும் இயந்திரத்தின் வாயிலிருந்து ஆறடி. காஸ் மீட்டரின் ரெகுலேட்டருக்கு நேர் மேலே வரக்கூடாது. பிரம்டன், மார்க்கம் பக்கம் நெருங்கி நிற்கும் வீடுகளில் இன்னொன்று: இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொங்கிரீட் நடைபாதைக்கு நேர் மேலே பைப் முடியக்கூடாது. சொட்டுகிற தண்ணீர் அங்கே கண்ணாடிபோல் உறையும், வழுக்கி விழுவது பக்கத்து வீட்டு ஆச்சியாக இருக்கும்.

எரிவதற்குக் காற்று இழுக்கும் பைப்பையும் புகை விடும் பைப்பையும் கையேட்டில் சொன்ன இடைவெளி இல்லாமல் ஒட்டிவைத்தால், விட்ட புகையையே ஃபர்னஸ் திரும்ப உறிஞ்சும். ஈரப் புகை இழுக்கும் வாயில் உறைந்து வெள்ளையாகப் படிவதைக் கண்டால் அதுதான் காரணம். அணில் போகாமலிருக்கக் கொசுவலை கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மைனஸ் இருபதில் அந்தச் சின்னக் கண்கள் ஒரு இரவில் மூடிவிடும். அடைபட்ட வென்ட் என்ன செய்யும் என்பது இந்த மாகாணத்துக்கு நன்றாகவே தெரியும்: 2008 டிசம்பரில் வுட்ஸ்டாக் நகரில் வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபயர்பிளேஸின் வென்ட் அடைபட்டு, ஒரே குடும்பத்தில் நால்வர் கார்பன் மொனொக்சைடால் இறந்தார்கள். வீடுகளில் அதற்கான அலாரத்தைக் கட்டாயமாக்கிய 2013ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பழைய ஃபர்னஸும் ஹாட் வாட்டர் டாங்க்கும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்திருக்கும். புது ஃபர்னஸ் பிளாஸ்டிக் பைப்போடு சுவர் வழியே தனியாகப் போய்விட்டது. இப்போது அந்தப் பெரிய புகைபோக்கியில் டாங்க் மட்டும் அநாதையாக நிற்கிறது. அதன் சின்னச் சூட்டால் அவ்வளவு பெரிய குழாயை வெதுவெதுப்பாக்க முடியாது. புகை ஏறாமல் உள்ளேயே ஈரமாகி, சில நேரம் பேஸ்மென்டுக்கே திரும்பிவிடும். புகைபோக்கிக்குள் சரியான அளவு லைனர் என்ற உட்குழாயை இறக்கவேண்டும், இல்லாவிட்டால் டாங்க்கை மாற்றவேண்டும். ஃபர்னஸ் விலை பேசும்போதே இதைக் கேளுங்கள்; சொல்லாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்றைக்கே பார்க்க ஒரு வழி இருக்கிறது. யன்னல் கதவெல்லாம் சாத்திவிட்டு, மீன் பொரிக்கும்போது போடுவீர்களே, அந்தக் குசினி மின்விசிறியை முழு வேகத்தில் போடுங்கள். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து டாங்க்கைப் பற்றவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். அப்புறம் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, டாங்க்கின் தலையில் குழாய் தொடங்கும் இடத்தில் இருக்கும் இடைவெளியருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டுப் போகவேண்டும். உங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தால் டாங்க்கை அணைத்துவிட்டு, யன்னலைத் திறந்துவிட்டு, உரிமம் உள்ளவரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.