பந்தலூர் மகளிர் குழுவும் வெளிக் கூட்டாளியும்: முதல் மூட்டை மிளகு வரை

நீலகிரியில் பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கம் பஸ்ஸில் போனவர்கள் ‘டேன்டீ’ பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அவை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். 1983 கலவரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்களும் அவர்களில் உண்டு. அரசுத் தாள்களில் ‘தாயகம் திரும்பியோர்’. அடுத்த தெருவில் இன்னும் ‘சிலோன்காரர்கள்’.

இப்படி வேர் பிடுங்கி நடப்பட்ட ஊரில் ஒரு பெண்கள் சுய உதவிக் குழுவுக்கு வெளியிலிருந்து கூட்டாளியை, அதாவது பொருளை வாங்குபவரையோ பணம் தருபவரையோ, தேடித்தர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் முறை இறங்கியபோது நான் செய்ததெல்லாம் தலைகீழ்: முதலில் கூட்டாளி, பிறகு பொருள், கடைசியில்தான் குழு.

படி 1: படிவம் இல்லாமல் போங்கள்

முதல் நாள் பெயர்ப்பட்டியலோடு போனேன். லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் கேட்டார்: “பேப்பர் எதற்கு, தம்பி? என் மாமியார் கண்டியில் ஒரு பேப்பரில் கைநாட்டு வைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, நாங்கள் ஊரை விட்டுப் போகிறோம் என்று.”

அதன் பிறகு மூன்று சந்திப்புகளுக்கு நான் பேனாவையே எடுக்கவில்லை. கொழுந்து எடுத்துவிட்டுக் களைத்து வருபவர்களைச் சாயங்காலம் கூப்பிடாதீர்கள். இருட்டினால் யானை நடமாட்டம் வேறு. ஞாயிறு காலைதான் தோது. அரசின் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் ஒரு குழுவுக்குப் பத்து முதல் இருபது பேர் வேண்டும். எட்டாத மலைப்பகுதிகளில் ஐந்து பேரே போதும். குழுவை நடத்தும் ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். நன்றாகப் பேசுகிறார் என்று நீங்கள் ஒருவரைக் கைகாட்டினால், தோட்டத்தில் கூலிகளை மேய்த்த கங்காணியைப் போல ஒரு புதுக் கங்காணியை நியமித்துவிட்டீர்கள் என்று பொருள்.

படி 2: சொந்தப் பணம், உரக்கப் படிக்கும் நோட்டு

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தப் படியில்தான். வாராவாரம் கூட்டம், வாராவாரம் சேமிப்பு, உள்கடன், தவணை தவறாத திருப்பிச் செலுத்தல், அன்றன்றே எழுதிய பதிவேடு: சுய உதவிக் குழுக்களுக்குச் சொல்லப்படும் ஐந்து விதிகள் இவை. பதினைந்து பெண்கள் வாரம் ஐம்பது ரூபாய் போட்டால் 750. இருபத்தாறு வாரத்தில் 19,500. அதிலிருந்து ஒருவர் மூவாயிரம் கடன் வாங்கி, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி கட்டினால், அந்த முப்பது ரூபாய் வட்டிக்கடைக்காரரிடம் போகாமல் குழுவின் பெட்டிக்கே திரும்புகிறது. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது, ஒரு அக்கா என்னிடமிருந்து நோட்டை வாங்கித் தாமே மறுபடி கூட்டிப் பார்த்தார். அந்தச் சந்தேகம் நல்ல சந்தேகம்.

கூட்டம் முடியும்போது தீர்மான நோட்டை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், எழுதியவரைத் தவிர வேறொருவர். ஆறு மாதம் இது தவறாமல் நடந்தால் வங்கிக் கடன் கேட்கலாம்; ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992-ல் தொடங்கிய, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டம் அதற்காகவே இருக்கிறது.

படி 3: பொருள்

ஏற்கெனவே கைவந்ததை எடுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் மிளகு, காப்பி, இஞ்சி விளைகிறது. மிளகில் ஒரு கணக்கு முக்கியம்: ஏறக்குறைய மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால்தான் ஒரு கிலோ கிடைக்கும். கூலி, விறகு, பை எல்லாம் அதற்கு மேல். விலை சொல்லும்முன் இதைப் போடாத குழு முதல் ஆர்டரிலேயே கையைச் சுட்டுக்கொள்ளும். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் தேவை. பை வாங்கும்முன் மாவட்டத்தின் பிளாஸ்டிக் தடையை நினைவில் வையுங்கள்.

படி 4: பதிவு எப்போது?

அவசரம் வேண்டாம். தொடக்கத்தில் ஊராட்சி அளவிலான குழுக்களின் கூட்டமைப்பின் பெயரிலேயே விற்கலாம். கூட்டுறவுச் சங்கம் என்றால் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் கீழ் இருபத்தைந்து பேர் வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனத்துக்குப் பத்து உற்பத்தியாளர்கள் போதும். பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். ஆனால் ஆண்டுதோறும் தணிக்கை, கணக்குத் தாக்கல், அதற்கான கட்டணம் என்று செலவு உண்டு. விற்பனை அந்தச் செலவைத் தாங்கும்வரை காத்திருப்பதே என் கட்சி.

படி 5: கூட்டாளி

இப்போதுதான் கூட்டாளி. வெளிநாட்டுக் குடிமகனான ஒரு நல்ல மனிதர் பணம் அனுப்பத் தயார் என்றாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு அதை வாங்கக் கூடாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வாங்கி உங்கள் குழுவுக்கு மாற்றித் தருவதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. அந்த நிறுவனம் தானே பயிற்சியையும் பணியையும் நடத்தலாம். பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெரும்பாலும் பதிவு பெற்ற அறக்கட்டளையோ சங்கமோ வழியாகத்தான் செலவிடுகிறார்கள்.

ஆகவே நான் முதலில் கேட்பது நன்கொடை அல்ல, ஆர்டர். வழக்கமான வியாபாரத்தில் விற்ற பொருளுக்கு வரும் விலை நன்கொடைக் கணக்கில் சேராது. இருநூறு கிலோ மிளகு வாங்குகிறேன், பாதிப் பணம் முன்பணம் என்பவர், இரண்டு லட்சம் தருகிறேன் என்பவரைவிட மேலான கூட்டாளி.

படி 6: ஒப்பந்தம்

தமிழில் எழுதுங்கள். கூட்டத்தில் வரிவரியாகப் படியுங்கள், ஒரு வாரம் விட்டுப் பிறகு கையெழுத்து. அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். விலையை யார் தீர்மானிப்பது, இயந்திரம் யாருக்குச் சொந்தம், திட்டம் முடிந்தபின் பழுது பார்ப்பது யார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இயந்திரம் என்றதும் ஒரு கதை. ஒரு கூட்டாளி ஆசையாய் அரவை இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் பார்த்து வைத்திருந்த இடம் ஜன்மம் நிலம், அதாவது பழைய நிலவுடைமையாளரின் பரம்பரை உரிமையில் இருந்தது. அந்த உரிமையை ஒழித்த 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிக் கிடப்பது. பட்டா இல்லை, மின் இணைப்பும் கிடைக்கவில்லை. லயத்து வீடுகளோ தோட்டத்துக்குச் சொந்தமானவை. இயந்திரம் இரண்டு மழைக்காலம் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. அதன் மேல் கோழி முட்டையிட்டது. எதையும் ஏற்கும்முன் கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகையைக் கேட்டுவிடுங்கள்.

ஒப்படைக்கும் தேதியையும் பாருங்கள். மிளகு பறிப்பது டிசம்பருக்குப் பிறகு. ஜூன் வந்துவிட்டால் செப்டம்பர் வரை தேவாலாப் பக்கம் துணியே காயாது, மிளகு எப்படிக் காயும்? ஜூலையில் சரக்கு வேண்டும் என்று கேட்டால், மார்ச்சிலேயே காயவைத்துக் கட்டிவைக்க முன்பணம் கேளுங்கள். எங்கள் இரண்டாவது ஒப்பந்தத்தில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது, நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்த அதே அக்காதான்.